ரிப்போர்ட் எல்லாம் நார்மல், நாய் மட்டும் சரியில்லை

கேள்வி:

டாக்டர், எங்கள் ஜூலிக்குப் பன்னிரண்டரை வயது. கருத்தடை செய்த பெண் நாய், எடை 22 கிலோ. எட்டு மாதமாக அவளுக்கு என்ன என்றே தெரியவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து வீடு முழுக்க நடக்கிறாள். நடுநடுவே நின்று தரையை நக்குகிறாள். ஒருநாள் சாப்பாட்டை மோந்து பார்த்துவிட்டுப் போய்விடுவாள், மறுநாள் தட்டைக் காலி செய்வாள். பின்னங்கால்கள் சில சமயம் நடுங்குகின்றன. போன மாதம் இரண்டு முறை திடீரென்று சரிந்து படுத்துவிட்டாள், கொஞ்ச நேரத்தில் தானே எழுந்துகொண்டாள். மூன்று மருத்துவர்களைப் பார்த்தாயிற்று. ரத்தப் பரிசோதனை இரண்டு முறை, எக்ஸ்ரே, ஐந்து மாதம் முன்பு வயிற்று ஸ்கேன். எல்லாம் ‘நார்மல்’. தைராய்டு மட்டும் கொஞ்சம் குறைவு என்று மாத்திரை கொடுத்தார்கள். நான்கு மாதமாகக் கொடுக்கிறோம், பலன் இல்லை. நடைதான் அதிகமானது போல் இருக்கிறது. ஒருவர் வயிற்றுப்புண் என்றார். ஒருவர் ஏதோ ஊசி போட்டார், பத்து நாள் குட்டி மாதிரி ஓடினாள், அப்புறம் பழையபடி. கடைசியாகப் பார்த்தவர் ‘வயசாயிடுச்சும்மா’ என்றார். என் கணவரும் அதையே சொல்கிறார். எனக்கு மனசு கேட்கவில்லை. நான் எதையோ தவறவிடுகிறேனா? இல்லை, விடாமல் அலைந்து அவளைத்தான் வதைக்கிறேனா? நான் ஒழுங்காகத் தூங்கியே மாதக்கணக்காகிறது.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் ‘அவள்’ என்றே எழுதியிருப்பதால் நானும் அப்படியே சொல்கிறேன். ஜூலியைத் தொட்டுப் பார்க்காமல் அவளுக்கு இன்ன நோய் என்று நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ‘என்ன என்றே தெரியவில்லை’ என்று சொல்லிவிட்டுப் பாதி விஷயத்தை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஐந்து மாதத்துக்கு முந்தைய ஸ்கேன், பெயர் தெரியாத ஊசி, மாத்திரைக்குப் பிறகு கூடிய நடை, அப்புறம் உங்கள் பட்டியலில் இல்லவே இல்லாத ஒரு பரிசோதனை. இந்த நான்கையும் பிடித்துக்கொண்டே பேசுவோம்.

முதலில் அந்த ‘வயசாயிடுச்சு’. நானும் அதைச் சொல்லியிருக்கிறேன், வெளியே பத்துப் பேர் காத்திருக்கும் மாலை நேரங்களில். முகம் நரைப்பது வயசு. காது மந்தமாவது வயசு. பகலில் கூடுதலாகத் தூங்குவதையும் சேர்த்துக்கொள்ளலாம். சரிந்து விழுவதை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

வயதான நாயிடம் இன்னொரு சிக்கல் உண்டு. இரண்டு வயது நாய்க்கு ஐந்து அறிகுறிகள் இருந்தால் ஐந்துக்கும் காரணமான ஒரே நோயைத் தேடுவேன், பெரும்பாலும் கிடைக்கும். பன்னிரண்டு வயதில் அப்படித் தேடினால் எந்தப் பெயரும் முழுசாகப் பொருந்தாது. ஏனென்றால் அந்த வயதில் இரண்டு மூன்று கோளாறுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கும். எதுவுமே தனியாகப் பெயர் சொல்லும் அளவுக்கு முற்றியிருக்காது, ஆனால் எல்லாம் சேர்ந்து நாயைப் படுத்தும். மூன்று மருத்துவர்கள் மூன்று பதில் சொன்னது உங்களுக்கு எரிச்சலாக இருக்கிறது. எனக்கென்னவோ மூவரும் கொஞ்சம் கொஞ்சம் சரியாகவே இருக்கலாம் என்று தோன்றுகிறது. அதனால் ஜூலியின் தொல்லைகளை ஒரே மூட்டையாகக் கட்டாமல் அவிழ்த்துத் தனித்தனியாக வைப்போம்.

உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது ராத்திரி நடை. எனக்குக் கவலை தருவது அது இல்லை. போன மாதம் இரண்டு முறை சரிந்தாளே, அதுதான். நீங்கள் அதை நடுவில் ஒரு வரியாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். ஸ்கேன் எடுத்தது ஐந்து மாதம் முன்பு, சரிந்தது போன மாதம். அந்த ஸ்கேன் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது. வயதான நாய்களுக்கு மண்ணீரலில் கட்டி வந்து, அதிலிருந்து ரத்தம் அவ்வப்போது வயிற்றுக்குள் கசிவதுண்டு. கசியும்போது நாய் துவண்டு படுத்துவிடும், ஈறு வெளுக்கும். கசிவு நின்றதும் உடம்பு அந்த ரத்தத்தை மெல்ல உள்ளிழுத்துக்கொள்ளும். ஓரிரு நாளில் நாய் பழையபடி வாலாட்டிக்கொண்டு வரும், வீட்டில் எல்லோரும் ‘சரியாப் போச்சு’ என்று நிம்மதியாவார்கள். இதயத் துடிப்பின் தாளம் தப்பினாலும் நாய் சரியும். ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கினாலும் சரியும். வலிப்பாகவும் இருக்கலாம். ஜூலிக்கு இதில் எதுவுமே இல்லாமலும் போகலாம். ஆனாலும் வயிற்று ஸ்கேனைத் திரும்ப எடுப்பதையும் ஈசிஜி பார்ப்பதையும் இந்த வாரம் தாண்ட விடாதீர்கள்.

அதற்குள் மறுபடி சரிந்தால் இரண்டு காரியம் செய்யுங்கள். மேல் உதட்டைத் தூக்கி ஈறின் நிறத்தைப் பாருங்கள். விரலால் ஒரு அழுத்து அழுத்தி எடுத்தால் அந்த இடம் வெளுத்து, இரண்டு நொடிக்குள் திரும்ப ரோஜா நிறமாக வேண்டும். (நன்றாக இருக்கும் நாளிலேயே இதைச் செய்து பார்த்துப் பழகுங்கள். அவளுடைய வழக்கமான நிறம் தெரிந்தால்தான் வெளுத்தது தெரியும். சில நாய்களுக்கு ஈறு பிறவியிலேயே கறுப்பு, அவற்றுக்குக் கீழ் இமையைத் தாழ்த்தி உட்புறம் பார்க்கலாம்.) இரண்டாவது, பக்கத்தில் இருப்பவரிடம் போனைக் கொடுத்து வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். மயக்கமென்றால் உடம்பு பெரும்பாலும் துணி மாதிரித் துவளும், ஒரு நிமிடத்துக்குள் தெளிந்துவிடும், எழுந்ததும் உங்களை அடையாளம் கண்டுகொள்வாள். வலிப்பென்றால் கால்கள் நீந்துவது போல் உதைத்துக்கொள்ளும், சிறுநீர் போகலாம், எழுந்த பிறகும் கொஞ்ச நேரம் யாரோ மாதிரி சுற்றுவாள். வாயில் கைவிடாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். ஈறு காகிதம் போல் வெளுத்திருந்தாலோ, வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, வயிறு உப்பி வாந்தி வராமல் குமட்டினாலோ, படுத்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ வீடியோவை மறந்துவிட்டு வண்டியை எடுங்கள்.

இனி அந்த ஊசி. போட்டவரிடம் போன் செய்து பெயர் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, சொல்ல அவருக்கு நேரம் இல்லையென்றால் உதவியாளரிடம் கேளுங்கள், அவர்கள் பதிவேட்டில் இருக்கும். ஒரே ஊசியில் வயதான நாய் பத்து நாள் குட்டி மாதிரி ஓடியது என்று கேட்டால் என் மனம் முதலில் ஸ்டீராய்டைத்தான் நினைக்கிறது. நான் நினைப்பது தவறாகவும் இருக்கலாம், அதனால்தான் பெயர் வேண்டும். ஸ்டீராய்டென்றால் அது ஒரு துப்பு, கூடவே ஒரு குழப்பம். துப்பு எப்படி என்றால், வலியோ அழற்சியோ இருந்தால் அடங்கும். அட்ரினல் சுரப்பி தேவையான அளவு சுரக்காத அடிசன் நோய் இருந்தாலும் பளிச்சென்று தேறும். அடிசன் நோய் ஒரு பெரிய வேஷக்காரன். சாப்பிடும் சாப்பிடாது, நடுங்கும், சரியும், இரண்டு நாளில் தானே சரியாகும், மறுபடி வரும். பொதுவாக இளம் வயது, நடுவயது நாய்களுக்கு வருவது, ஜூலியின் வயதில் அபூர்வம். ஆனால் பார்த்துவிடுவது சுலபம்: ஒரே ஒரு ரத்த மாதிரியில் அந்தச் சுரப்பியின் ஹார்மோனான கார்டிசோலை அளந்து, அது டெசிலிட்டருக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் அநேகமாக அந்தப் பெயரை அடித்துவிடலாம். குழப்பம் எங்கே என்றால், ஸ்டீராய்டு உள்ளே இருக்கும்போது இந்தச் சோதனை ஏமாற்றிவிடும். எந்த மருந்து, எந்தத் தேதி என்று தெரிந்தால்தான் எப்போது எடுப்பது என்று முடிவு செய்ய முடியும். இன்னொன்று, ஸ்டீராய்டும் வழக்கமான வலி மருந்துகளும் ஒன்றையொன்று ஒட்டி வரக் கூடாது. வயிற்றில் புண் விழும். மூன்று இடத்தில் மூன்று பேர் எழுதிக் கொடுக்கும்போது சரியாக இதுதான் நடக்கிறது.

தைராய்டுக்கு வருவோம். உடம்பில் வேறு ஏதாவது நோய் இருந்தாலே டி4 என்ற தைராய்டு ஹார்மோனின் அளவு இறங்கும். சுரப்பி நன்றாகத்தான் இருக்கும், உடம்பு தானாக வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கும். வெறும் டி4 ‘கொஞ்சம் குறைவு’ என்பதை வைத்து ஆயுசுக்கும் மாத்திரை என்று முடிவு செய்ய முடியாது. தைராய்டைச் சுரக்கத் தூண்டும் டிஎஸ்எச், ரத்தத்தில் எதோடும் ஒட்டாமல் இருக்கும் ஃப்ரீ டி4 இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நிஜமாகவே தைராய்டு குறைந்த நாய் மந்தமாகும், சாப்பாடு கூடாமலே எடை ஏறும், முடி கொட்டும், எந்நேரமும் குளிருக்கு ஒடுங்கும். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து நடக்கும் என்று நான் படித்ததில்லை. மாறாக, மாத்திரை அளவு அதிகமானால் நாய் நிலைகொள்ளாமல் நடக்கும், மூச்சிரைக்கும், தண்ணீர் நிறையக் குடிக்கும், எடை இறங்கும். நடை கூடியது மாத்திரை தொடங்கிய பிறகு என்றால் அதை மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். மாத்திரை கொடுத்த சில மணி நேரம் கழித்து ரத்தத்தில் அளவு பார்ப்பதும், தேவையில்லை என்று தெரிந்தால் நிறுத்தி, சில வாரம் விட்டுத் திரும்பச் சோதிப்பதும் அவர்களுக்குத் தெரிந்த வழிமுறைதான்.

‘எல்லாம் நார்மல்’ என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நார்மல் என்று ரிப்போர்ட்டில் அச்சிடும் வரம்பு, நலமான நாய்கள் நூறைச் சோதித்தால் ஏறக்குறைய 95 உள்ளே வரும்படி போட்ட கோடு. அதனால் 20 அளவுகள் பார்த்தால் ஒரு குறையும் இல்லாத நாய்க்கும் ஒன்று கோட்டுக்கு வெளியே நிற்பது சகஜம். அதேபோல் கோட்டுக்கு உள்ளே இருப்பதாலேயே எல்லாம் நலம் என்றும் ஆகாது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினினை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுநீரகத்தின் வேலைத்திறனில் முக்கால்வாசி போன பிறகுதான் அது வரம்பைத் தாண்டும். இரண்டு வருடம் முன்பு 0.8 இருந்தது இப்போது 1.4 என்றால் ரிப்போர்ட்டில் சிவப்பு எழுத்து வராது. ஆனால் அது ஏறக்குறைய இரு மடங்கு. பழைய ரிப்போர்ட்டுகள் எங்காவது மூலையில் கிடந்தால் தேடி எடுங்கள். ஜூலியை மற்ற நாய்களோடு ஒப்பிடுவதைவிட பழைய ஜூலியோடு ஒப்பிடுவது எங்களுக்கு அதிகம் சொல்லும்.

பட்டியலில் இல்லாத பரிசோதனை சிறுநீர். ரத்தம் இரண்டு முறை, எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் எடுத்தும் ஒருவரும் சிறுநீர் கேட்கவில்லை என்பது எனக்கு ஆச்சரியமே இல்லை. எடுத்து வருவது தொல்லை என்று எல்லோரும் விட்டுவிடுகிறோம். சிறுநீரகம் பழுதாகத் தொடங்கும்போது ரத்தத்தில் தெரிவதற்கு முன்பே சிறுநீர் நீர்த்துப்போவதில் தெரியும். சர்க்கரை, புரதம், கிருமித் தொற்று எல்லாம் அதில் இருக்கும். வயதான பெண் நாய்களுக்குச் சிறுநீர்ப்பைத் தொற்று வெளியே தெரியாமலே இருக்கலாம், ராத்திரி எழுந்து நடக்க அதுவே போதும். ரத்த அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள், அதுவும் அடிக்கடி விட்டுப்போகும்.

இப்போது வலி. இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன். வயதான நாய்களின் ‘என்னவென்றே தெரியாத’ தொல்லைகளில் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான்.

என் வீட்டில் முத்து என்று ஒரு நாய் இருந்தான். பதினொரு வயதில் சிடுசிடுப்பானான். கூடத்தில் எங்களோடு படுக்காமல் தனியே போய்ப் படுத்தான். வயசு என்று நானே சொன்னேன். தினமும் ஊர் நாய்களின் வாயைத் திறந்து பார்க்கிறவன் நான். ஒரு சாயங்காலம் பிஸ்கட் கொடுத்தேன். வாங்கினான், தலையை இடப்பக்கம் சாய்த்தான், தரையில் போட்டான், நக்கி நக்கி ஊறவைத்து முன்பற்களால் உடைத்துத் தின்றான். நான் தரையில் உட்கார்ந்து வலப்பக்க உதட்டைத் தூக்கினேன். மேல் தாடையில் கடிப்பதற்கென்று இருக்கும் பெரிய பல் நெடுக்கே பிளந்து, பழுப்பேறிக் கிடந்தது. எத்தனை மாதமாகவோ. ஒருவேளைகூடச் சாப்பாட்டை விட்டதில்லை, ஒருநாளும் முனகியதில்லை. பல்லை எடுத்த பத்தாம் நாள் என் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினான், ஒன்றரை வருடமாக விட்டிருந்த அயோக்கியத்தனம். அன்று எனக்கு வந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

நாய்க்கு வலித்தால் கத்தும் என்று நினைக்கிறோம். நாள்பட்ட வலியில் கத்துவதில்லை, பழக்கங்களை ஒவ்வொன்றாக விட்டுவிடுகிறது. ஜூலி படுத்து எழும்போது பக்கவாட்டிலிருந்து பாருங்கள். முன்னங்கால்களால் உடம்பை இழுத்துக்கொண்டு எழுகிறாளா? படுப்பதற்கு முன் ஏழெட்டு முறை சுற்றுகிறாளா? படுத்த இரண்டு நிமிடத்தில் இடம் மாற்றுகிறாளா? எழுந்ததும் உடம்பை உதறிக்கொள்வதை நிறுத்திவிட்டாளா? பின்னங்கால் நகங்களைத் திருப்பிப் பாருங்கள். மேற்புறம் தேய்ந்திருந்தால் பாதம் இழுபடுகிறது, அது நரம்புப் பக்கம் போகும் சங்கதி. வழுவழுப்பான தரையில் மட்டும் கால் நடுங்குகிறதா, பாயில் நிற்கும்போதும் நடுங்குகிறதா? இந்த ஒரு கேள்விக்கான பதிலே பாதி வேலையைச் செய்யும். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றால் வலி இல்லை என்று பொருள் ஆகாது. எலும்பு தேய்ந்து படம் கோரமாக இருக்கும் நாய் ஜாலியாக ஓடுவதும், படம் சுத்தமாக இருக்கும் நாய் படி ஏற முடியாமல் நிற்பதும் நாங்கள் தினம் பார்ப்பது.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. சிறுநீரகமும் கல்லீரலும் தாங்கும் என்று உறுதி செய்துகொண்டு, மருத்துவர் மேற்பார்வையில் இரண்டிலிருந்து நான்கு வாரம் வலி மருந்து கொடுத்துப் பார்ப்பது. ராத்திரி நடை குறைந்தால், நடந்தது மறதியால் இல்லை, படுக்க முடியாததால் என்று தெரிந்துவிடும். ஜூலிக்கு வயிற்றுத் தொல்லையும் இருப்பது போல் தெரிவதால் எந்த மருந்து என்பதை அவரே தேர்ந்தெடுக்கட்டும். வீட்டில் இருக்கும் மனித மாத்திரையைத் தயவுசெய்து தொடாதீர்கள். ஐபுப்ரொஃபேன் நாயின் வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைப் பழுதாக்கும். பாராசிட்டமால் அளவு மீறினால் கல்லீரல் போய்விடும்.

தரையை நக்குவது வெறும் பழக்கம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். கனடாவின் மாண்ட்ரியல் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் இப்படித் தரை, சுவர், சோபா என்று நக்கும் நாய்கள் 19-ஐ முழுமையாகச் சோதித்து 2012-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அவற்றில் 14 நாய்களுக்கு வயிற்றிலோ குடலிலோ கோளாறு இருந்தது. வயிற்றுப் பிரட்டலைச் சொல்ல நாய்க்கு வேறு வழி தெரியவில்லை, அவ்வளவுதான். ஆகவே ‘வயிற்றுப்புண்’ என்றவரை முழுக்கத் தள்ளிவிடாதீர்கள். நக்கும் ராத்திரிகளுக்கு முந்தைய மாலையில் என்ன சாப்பிட்டாள், மறுநாள் காலை சாப்பிட்டாளா என்று குறித்து வாருங்கள். இரண்டும் ஒட்டிக்கொண்டு வந்தால் அவரிடமே திரும்பப் போகலாம்.

வலி, வயிறு, சிறுநீர் மூன்றையும் பார்த்த பிறகும் ராத்திரி நடை அப்படியே இருந்தால் முதுமை மறதியை நினைக்கலாம். நாய்களுக்கும் அது உண்டு. மூளையில் படியும் புரதம்கூட மனிதர்களின் அல்சைமரில் படிவதுதான். கலிஃபோர்னியாவில் 2001-இல் வெளியான ஓர் ஆய்வில் 11, 12 வயது நாய்களில் 28 விழுக்காட்டுக்கும், 15, 16 வயதில் 68 விழுக்காட்டுக்கும் ஓர் அறிகுறியாவது இருந்தது. கதவு திறக்கும் பக்கம் போகாமல் கீல் இருக்கும் பக்கம் போய்க் காத்திருப்பது, சோபாவுக்குப் பின்னால் நுழைந்துவிட்டு வெளியே வரத் தெரியாமல் நிற்பது, சுவரைப் பார்த்து நிற்பது, பகல் இரவு தலைகீழாவது. ஜூலியிடம் இதில் நடையைத் தவிர வேறு எதையும் நீங்கள் சொல்லவில்லை. இதை உறுதி செய்ய ரத்தப் பரிசோதனை கிடையாது, மற்றதையெல்லாம் கழித்துவிட்டுக் கடைசியில் எட்டும் முடிவு. அதனால்தான் முதலிலேயே இதைச் சொல்லிவிடும் மருத்துவரிடம் எனக்குக் கொஞ்சம் வருத்தம். எதுவாக இருந்தாலும் சில விஷயங்களை இன்றே செய்யலாம்: அவள் நடக்கும் வழியில் மங்கலாக ஒரு விளக்கு, வழுக்காத விரிப்பு, தூங்கப் போகும் முன் ஒருமுறை வெளியே கூட்டிப் போவது, பகலில் தூங்கியே கழிக்காமல் கொஞ்சம் நடை, கொஞ்சம் மோப்ப விளையாட்டு. மேசை நாற்காலிகளை இடம் மாற்றாதீர்கள்.

ஒரு நோட்டுப் போடுங்கள். நாளுக்கு நான்கு வரி போதும்: எவ்வளவு சாப்பிட்டாள், எவ்வளவு தண்ணீர், ராத்திரி எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை நடந்தாள், அன்று வழக்கத்துக்கு மாறாக என்ன நடந்தது. தண்ணீரை அளப்பது கஷ்டமில்லை. காலையில் அளந்து ஊற்றுங்கள், மறுநாள் அதே நேரம் மிச்சத்தை அளந்து கழியுங்கள், வாளிகளை மூடி வையுங்கள். மூன்று நாள் சராசரி எடுங்கள். கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல், அதாவது ஜூலி நாளுக்கு 2.2 லிட்டருக்கு மேல் குடித்தால் அது நோயின் அடையாளம், அந்த ஒரு எண்ணே மருத்துவர் தேடும் திசையை மாற்றிவிடும். நன்றாகத் தூங்கும்போது நெஞ்சு எழுவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். 30-க்குள் இருக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து அதற்கு மேல் போனால் சொல்லுங்கள், இதயமோ நுரையீரலோ பேசுகிறது. மருந்தோ சாப்பாடோ மாற்றினால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாத்திரையும் மாற்றி, தீனியும் மாற்றி, எண்ணெயும் சேர்த்த வாரத்தில் ஜூலி தேறினால் எதனால் தேறினாள் என்று யாருக்கும் தெரியாது.

மூவரில் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். கெட்டிக்காரரைவிட, நீங்கள் பேசும்போது இடைமறிக்காதவரைத் தேர்ந்தெடுங்கள். எல்லா ரிப்போர்ட்டுகளும் அவரிடம் இருக்கட்டும். அவர் புதிதாக ஒரு பரிசோதனை சொல்லும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘இதில் என்ன வந்தால் என்ன செய்வோம், வராவிட்டால் என்ன செய்வோம்?’ இரண்டுக்கும் ஒரே பதில் என்றால் அந்தப் பரிசோதனை ஜூலிக்கு வேண்டாம். ‘அவளை வதைக்கிறேனா’ என்று கேட்டீர்களே, அதற்கு என்னிடம் உள்ள பதில் இதுதான். மண்ணீரல் ஸ்கேன் இந்தக் கேள்வியில் தேறும், ஈசிஜி தேறும், சிறுநீர் தேறும். மயக்க மருந்து கொடுத்து மூளைக்கு எம்ஆர்ஐ எடுக்கலாம் என்று யாராவது சொன்னால், கட்டி என்று தெரிந்தால் அறுவைக்கோ கதிர்வீச்சுக்கோ நீங்கள் போவீர்களா என்று முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். போக மாட்டீர்கள் என்றால் எடுக்காமல் விடுவதில் ஒரு குற்றமும் இல்லை. பெயர் தெரியாமலே வலியைக் குறைக்கலாம், குமட்டலை நிறுத்தலாம், தூங்க வைக்கலாம். நாங்கள் பார்க்கும் வயதான நாய்களில் நிறையப் பேர் கடைசிவரை பெயர் தெரியாமலே நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

உங்கள் தூக்கம். நாள்பட்ட நோயுள்ள வளர்ப்புப் பிராணிகளைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு மன அழுத்தமும் சோர்வும் மற்றவர்களைவிட அதிகம் என்று 2017-இல் ‘வெட்டரினரி ரெக்கார்டு’ இதழில் ஆய்வே வந்திருக்கிறது. ‘ஒரு நாய்க்காகவா’ என்று யாராவது கேட்டால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஆனால் தூங்காமல் எடுக்கும் முடிவுகள் சரியாக வராது. வாரத்தில் இரண்டு ராத்திரி உங்கள் கணவர் ஜூலி இருக்கும் அறையில் படுக்கட்டும். அவர் ‘வயசாயிடுச்சு’ என்று சொல்வதை அக்கறையின்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பயப்படுகிறவர்களும் அதையே சொல்வார்கள். இரண்டு மணிக்கு அவளோடு எழுந்து நடந்து, நோட்டில் அவர் கையால் எழுதிய பிறகு பேச்சு மாறும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், கடிதத்தின் அடியில் அது இருப்பதாகப் பட்டது. எப்போது போதும் என்று முடிவு செய்வது? இப்போதைக்கு அந்தக் கேள்விக்கு வேலை இல்லை. மறுநாள் தட்டைக் காலி செய்யும் நாய் அவள். வேலை வரும் நாளுக்காக, நோட்டில் ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் ‘நல்ல நாள்’, ‘கெட்ட நாள்’ என்று ஒரு குறி போட்டு வாருங்கள். அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் வகுத்த அளவுகோலில் வலி, பசி, நீர், சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம் என்று ஆறையும் பார்த்த பிறகு ஏழாவதாக வருவது இந்த எண்ணிக்கைதான்: கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா? மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்தால் போதும், தினமும் எண்ண வேண்டாம்.

ஸ்கேனுக்கும் ஈசிஜிக்கும் இன்றே நேரம் வாங்கிவிடுங்கள். நாளைக் காலை வேலை சிறுநீர். தண்ணீர் வைப்பதற்கு முன், அன்றைய முதல் சிறுநீராக இருக்க வேண்டும். பெண் நாய் தாழ்ந்து உட்காரும் என்பதால் கிண்ணம் நுழையாது. நீளமான கைப்பிடியுள்ள பழைய கரண்டியைக் கொதிநீரில் கழுவிக் காயவைத்து எடுத்துக்கொள்ளுங்கள். அவள் உட்கார்ந்து, தொடங்கி, ஒரு நொடி கழிந்ததும் பின்னாலிருந்து நீட்டுங்கள். முதல் முறை சட்டென்று எழுந்து உங்களை ஒரு மாதிரி பார்ப்பாள், இரண்டாம் முறையும் அப்படித்தான். நான்கு ஐந்து மில்லி கிடைத்தால் போதும். மூடியுள்ள சுத்தமான குப்பியில் ஊற்றி, உடனே கொண்டு போக முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில் வையுங்கள், மதியத்துக்குள் சேர்த்துவிடுங்கள். குப்பியின் மேல் ஜூலி என்று எழுத மறக்காதீர்கள், ஃப்ரிட்ஜைத் திறக்கும் உங்கள் கணவருக்காகவும்.